ஹிஸ்டரியா? ஏன், வேலை போயிடுச்சா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பிரிட்ஜ்வாட்டர் பாலாஜி கோயிலில் தரிசனம் முடித்துவிட்டு, கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். எதிரே பழைய நண்பர் ஒருவர். என்னைப் போலவே திருச்சிப் பக்கம், என்னைப் போலவே ஐடி. "என்னப்பா, ஏதோ யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணியிருக்கியாமே? எம்பிஏவா, டேட்டா சயன்ஸா?" என்றார்.

"இல்லண்ணே, ஹிஸ்டரி. பிஎச்டி."

கையில் எடுத்த தோசை வாய்க்குப் போகவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏன், வேலை போயிடுச்சா?"

வேலை போகவில்லை. எனக்கு வயது 38. பதினைந்து வருடமாக கோட் எழுதுகிறேன், வீட்டுக் கடன் இருக்கிறது, ஏழாவது படிக்கும் மகள் இருக்கிறாள். பத்து வருடம் காத்திருந்து க்ரீன் கார்டு வாங்கியாகிவிட்டது. இதெல்லாம் இருக்கும்போது, போன டிசம்பரில் ஆறு பல்கலைக்கழகங்களுக்கு வரலாற்று முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தேன். இன்று வரை மூன்றிலிருந்து 'வருந்துகிறோம்' என்று மெயில் வந்துவிட்டது. ஒன்றில் வெயிட்டிங் லிஸ்ட். இரண்டில் சத்தமே இல்லை. ரூட் 22 சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் கை தானாக போனுக்குப் போகிறது.

அந்த நண்பரின் கேள்விக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இதை அந்தப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். நண்பருக்கு மட்டுமல்ல, நம் எல்லோருக்கும்தான்.

கட்-ஆஃப் இல்லாத கவுன்சலிங்

நான் இன்ஜினீயரிங் சேர்ந்தது 2003இல். பிளஸ் டூ மார்க், நுழைவுத் தேர்வு மார்க் எல்லாம் சேர்த்து 300க்கு ஒரு கட்-ஆஃப். அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையில் மிச்சமிருக்கும் இடங்கள் ஓடும். அப்பா பக்கத்தில் நின்று ஒரு கல்லூரியின் பெயரைச் சொன்னார், நான் சொன்னேன், முடிந்தது. பத்து நிமிடத்தில் வாழ்க்கை தீர்மானமாகிவிட்டது. கிடைத்தால் ஏன் கிடைத்தது, கிடைக்காவிட்டால் ஏன் கிடைக்கவில்லை என்று தசமபுள்ளி வரை சொல்லிவிடலாம்.

இங்கே கட்-ஆஃப் கிடையாது. பல வரலாற்றுத் துறைகள் ஜிஆர்இ மதிப்பெண்ணைக்கூட இப்போது கேட்பதில்லை. கேட்பது வேறு. என்ன ஆராயப் போகிறாய் என்று இரண்டு மூன்று பக்கத்தில் ஒரு அறிக்கை. நீயே எழுதிய இருபது இருபத்தைந்து பக்க ஆய்வுக் கட்டுரை. உன்னை அறிந்த மூன்று பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம். என்னென்ன மொழி தெரியும் என்ற விவரம்.

எனக்குப் பாடம் எடுத்தவர்கள் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் எடுத்தவர்கள். அவர்கள் என் வரலாற்று அறிவைப் பற்றி என்ன எழுத முடியும்? அதனால் இரண்டு வருடம் மாலை நேரத்தில், பட்டத்துக்குச் சேராத மாணவனாகக் கைக்காசு போட்டு வரலாற்று வகுப்புகளில் உட்கார்ந்தேன். வகுப்பில் எனக்கு அடுத்த வயது, பாடம் எடுத்தவருக்குத்தான். முதல் கட்டுரையில் பக்கத்துக்குப் பத்து சிவப்புக் கோடு. "இது பவர்பாயிண்ட் மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருந்தார். உண்மைதான். பதினைந்து வருடமாக நான் எழுதியதெல்லாம் அதுதானே.

அவரே ஒருநாள் வகுப்பு முடிந்ததும் நிறுத்திக் கேட்டார். "உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் இல்லையா? அதை ஏன் சாதாரணமாக நினைக்கிறீர்கள்? இந்தத் துறையில் அதற்காகவே பலர் நாலைந்து வருடம் செலவழிக்கிறார்கள்." அன்று இரவு வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு போன் போட்டேன். பரண் மேலிருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அதிலுள்ள கடுதாசிகளை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

டிரங்குப் பெட்டியில் மூன்று கடிதங்கள்

எங்கள் ஊர் முசிறிப் பக்கம். தாத்தாவின் அண்ணன், நாங்கள் பெரிய தாத்தா என்று சொல்பவர், 1937இல் கங்காணியோடு போய் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். மலாயாவில் பேராக் பக்கம் ரப்பர் தோட்டம். கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அடுத்த வருடமே, 1938இல், தோட்ட வேலைக்கு ஆள் கூட்டிப் போவதை அன்றைய இந்திய அரசு நிறுத்திவிட்டது. ஒரு வருடம் தாமதித்திருந்தால் போயிருக்கவே மாட்டார்.

அவருக்கு எழுதத் தெரியாது. தோட்டத்துக் கிராணி எழுதிக் கொடுத்த கடிதங்கள் மூன்று வந்தன. எல்லாம் இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல் வகைதான். கடைசிக் கடிதம் 1941. அந்த டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். பிறகு கடிதம் இல்லை. சண்டை முடிந்து திரும்பி வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஒற்றை வரி சொன்னார்: "சயாமுக்கு ரயில் போடக் கூட்டிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் பாக்கல."

பெரிய அப்பாயி அதைச் சாவுச் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. போனார் என்றுதானே சொன்னான், செத்தார் என்று சொல்லவில்லையே என்பது அவர் வாதம். 1996இல் இறக்கும் வரை தாலியைக் கழற்றவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. நெற்றி நிறையக் குங்குமத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பவர், தபால்காரர் மணி அடித்தால் மட்டும் எழுந்து நிற்பார். எதற்கு என்று அன்று புரியவில்லை. ஐம்பத்தைந்து வருடம் ஒரு பதிலுக்குக் காத்திருந்தவர் அவர். நான் மூன்று மாதமாக மெயிலைப் பார்த்துப் புலம்புகிறேன்.

அவர் போன பிறகுதான் தாத்தா தன் அண்ணனுக்கும் எள்ளும் தண்ணியும் விட ஆரம்பித்தார். எந்தத் திதி என்று தெரியாததால் ஆடி அமாவாசையில், அம்மா மண்டபத்தில்.

கல்லறை யாருக்கு இருக்கிறது?

சயாம்-பர்மா ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள். மலையைக் குடைந்தது, மரப்பாலம் கட்டியது எல்லாம் பெரும்பாலும் கைவேலை. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேல் அங்கே வேலை செய்தார்கள். 12,000க்கும் மேல் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கல்லறை இருக்கிறது. பெயர், வயது, படைப்பிரிவு பொறித்த கல். புல் வெட்டி, பூச்செடி வைத்து இன்றும் பராமரிக்கிறார்கள்.

போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக அங்கே உழைத்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லிச் சிலரைக் கூட்டிப் போனார்கள். சிலரை லாரியில் அள்ளிப் போட்டுப் போனார்கள். காலரா, மலேரியா, பட்டினி. அவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் தமிழர்கள் எத்தனை பேர் என்பதற்கு உறுதியான எண் கிடையாது. ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு எழுதத் தெரியும். ஒளித்து ஒளித்து டைரி எழுதினார்கள், படம் வரைந்தார்கள், செத்தவர் பட்டியல் வைத்துக்கொண்டார்கள். பிறகு அது புத்தகமாயிற்று, சினிமாவாயிற்று. 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படம் 1957இல் வந்தது. அந்தக் கதை முழுக்கப் போர்க்கைதிகளைச் சுற்றித்தான். நம்மாட்களிடம் பேனா இல்லை. மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுதினார். ஆய்வு என்று பார்த்தால், மலாயாவில் இதற்கு ஆள் பிடித்த விதத்தைத் தோண்டி எழுதிய முக்கியமானவர்களில் ஒருவர் நகஹரா மிச்சிகோ. ஜப்பானியர்.

சோழர் காலத்துக்குப் போனாலும் ஒரு ஜப்பானியர் நிற்கிறார். நொபொரு கராஷிமா. தமிழ் கற்று, கல்வெட்டு படித்து, எ. சுப்பராயலு, மட்சுய் ஆகியோரோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணினி உதவியோடு தொகுத்து 1978இல் வெளியிட்டார். யாருக்கு எங்கே நிலம் இருந்தது, எந்தப் பட்டம் எந்த நூற்றாண்டில் பெருகியது என்று எண்ணிப் பார்க்க அந்தத் தொகுப்பு வழி செய்தது. நாம் பார்க்கும் டேட்டாபேஸ் வேலைதான். நம் தாத்தாக்களின் பெயர்களை வைத்து, நமக்கு முன்பே செய்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, கும்பிடத் தோன்றுகிறது. நாம் எங்கே போனோம் என்பதுதான் கேள்வி.

இருக்கைக்குக் காசு, உட்கார ஆள்?

அமெரிக்கத் தமிழர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்லவில்லை. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டினோம். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. 2018இல் இலக்கை எட்டியபோது இங்கே கேக் வெட்டினோம், நானும் என்னால் முடிந்ததைக் கொடுத்தேன். டொரொண்டோவில் கனடாத் தமிழர்கள் 30 லட்சம் டாலர் திரட்டினார்கள்.

ஆனால் இருக்கை என்பது ஒரு பேராசிரியருக்கான இடம். அவருக்கு எதிரே உட்கார்ந்து படிக்க மாணவர்கள் வேண்டும். படித்து முடித்து அடுத்த முப்பது வருடம் ஆவணக் காப்பகங்களில் தூசி தட்ட ஆட்கள் வேண்டும். அந்த ஆள் நம் வீட்டிலிருந்து போகிறேன் என்றால் என்ன சொல்கிறோம்? "வேலை போயிடுச்சா?"

காசு கொடுப்போம், பிள்ளையைக் கொடுக்க மாட்டோம். பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸ், இல்லாவிட்டால் பிரீ-மெட். ஹிஸ்டரி என்று சொன்னால் அது நம் ஊரில் மார்க் குறைந்தவர்கள் எடுத்த தேர்டு குரூப் என்று அப்பா மனத்தில் பதிந்திருக்கிறது. அதே அப்பா இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கீழடியை அனுப்புகிறார். 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கை கீழடியின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை கொண்டுபோனது. அதுவே பெரிய விஷயம். வாட்ஸ்அப்பில் அது இருபதாயிரம் வருடமாகிவிடுகிறது. வரலாற்றின் மேல் இவ்வளவு ஆசை உள்ளவர்கள், அதை ஒழுங்காகப் படிக்கப் போகிறவனைப் பார்த்து ஏன் பரிதாபப்படுகிறோம்?

நடுவில் திரும்பியவர்கள் நம்மிடம் இல்லாமலில்லை. ஐராவதம் மகாதேவன் ஐஏஎஸ் அதிகாரி. அறிவியலும் சட்டமும் படித்தவர். சிந்துவெளி எழுத்துகளைக் கணினியில் ஏற்றித் தொகுத்து 1977இல் வெளியிட்டார். 1980இல் விருப்ப ஓய்வு பெற்றார். பண்டைத் தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய பெரிய நூல் 2003இல், அவருக்கு எழுபது தாண்டிய பிறகு வந்தது. திருச்சியில் இரா. கலைக்கோவன் கண் மருத்துவர். கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டு படித்து, வரலாற்று ஆய்வு மையமே நடத்துகிறார். தியடோர் பாஸ்கரன் தபால் துறையில் இருந்துகொண்டே தமிழ் சினிமாவின் வரலாற்றை எழுதினார். வெளிநாட்டில் வளர்ந்தவர்களுக்கும் உதாரணம் உண்டு. தென்னிந்தியப் பெற்றோருக்குக் கென்யாவில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த சுனில் அம்ரித், வங்காள விரிகுடாவைக் கடந்து போன கூலிகளைப் பற்றி 2013இல் புத்தகம் எழுதினார். இன்று யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர்.

நமக்காகக் காத்திருக்கும் புத்தகங்கள்

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1950, 60களில் அமெரிக்கா இந்தியாவுக்குப் பிஎல்-480 திட்டத்தில் கோதுமை அனுப்பியது. அதற்கான விலையை இந்தியா ரூபாயில் கட்டியது. அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு, 1960களிலிருந்து இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்குக் கப்பலேற்றினார்கள். தமிழ்ப் புத்தகங்களும் வந்தன. நம் வீட்டுப் பெரியவர்கள் ரேஷன் வரிசையில் நின்று வாங்கிய கோதுமையின் காசில் வந்த புத்தகங்கள் இந்த நாட்டு நூலக அலமாரிகளில் இருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கச் சேர்த்த நூல்களை 1990களில் வாங்கி, சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைக்க வைத்ததும் சிகாகோ பல்கலைக்கழகம்தான். புத்தகம் இருக்கிறது, இடம் இருக்கிறது. தமிழைச் சரளமாகப் படிக்கக்கூடியவர்கள் லட்சக்கணக்கில் இதே நாட்டில் ஜாவா எழுதிக்கொண்டிருக்கிறோம்.

என் விண்ணப்பத்தில் பெரிய தாத்தா கதையை எழுதி அழ வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பேராசிரியர் அடித்துவிட்டார். "குடும்பக் கதை காரணமாக இருக்கலாம். கேள்வி எங்கே?" என்றார். யோசித்ததில் கேள்வி கிடைத்தது. திரும்பி வராதவர்களின் வீடுகளில் என்ன நடந்தது? ஏழு வருடம் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று இந்தியச் சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவு சொன்னது. முசிறியிலும் நாமக்கல்லிலும் சேலத்திலும் இருந்த பெண்களுக்கு அது தெரியுமா? நிலத்தைப் பங்கு போட்டது எப்படி? தாலி என்ன ஆயிற்று? கலெக்டருக்கு மனு போட்டார்களா? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், கோலாலம்பூரில், லண்டனில் தேட வேண்டும். அதைவிட முக்கியமாக, திண்ணைகளில் தேட வேண்டும். நேரில் அறிந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு வயது. இது பத்து வருடம் கழித்துச் செய்யக்கூடிய வேலை அல்ல.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன்

யாராவது இதைப் படித்துவிட்டு நாளைக்கே ராஜினாமா கடிதம் கொடுத்தால் அவர் வீட்டம்மா என்னைத் தேடி வருவார். அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

நல்ல பல்கலைக்கழகங்களில் பிஎச்டிக்குக் கட்டணம் கிடையாது, உதவித்தொகை தருவார்கள். பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் அது ஆண்டுக்கு 40,000 டாலருக்கு மேல். ஐடி சம்பளம் வாங்கிப் பழகியவர்களுக்கு அது சின்னத் தொகை. ஆறு வருடம், சில சமயம் ஏழெட்டு. முடித்தால் வேலை நிச்சயமா? இல்லை. இந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேர் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்குகிறார்கள், பேராசிரியர் வேலை விளம்பரங்கள் அதைவிட மிகக் குறைவு. ஹெச்1பியில் இருப்பவர்கள் எஃப்1க்கு மாறினால், க்ரீன் கார்டு வரிசையில் நிற்பதே சிக்கலாகலாம். வக்கீலைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

என் மனைவி கேட்டது ஒரே கேள்வி. "என்னங்க, மார்ட்கேஜ் யார் கட்டுறது?" அவரும் வேலைக்குப் போகிறார். இரண்டு மாதம் எக்செல்லில் கணக்குப் போட்டோம். ஒரு காரைக் குறைப்பது, ஊருக்குப் போவதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆக்குவது, மகளின் கல்லூரிச் சேமிப்பில் கை வைக்காமல் இருப்பது. கடைசி நிபந்தனை அவருடையது. அப்பா போனில் சொன்னது இன்னும் சுருக்கம்: "தம்பி, நாப்பது வயசுல எவனாச்சும் காலேஜுக்குப் போவானா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெரியப்பா பேரு எங்கயாச்சும் இருக்கான்னு பாரு" என்றார்.

பிஎச்டி கிடைக்காவிட்டால்? அதையும் முடிவு செய்துவிட்டேன். நியூவார்க்கில் ரட்கர்ஸும் என்ஜேஐடியும் சேர்ந்து நடத்தும் வரலாற்று எம்.ஏ. இருக்கிறது. வேலை பார்த்தபடியே பகுதி நேரமாகப் படிக்கலாம். பிரிட்ஜ்வாட்டரில் ராரிட்டன் வேலி ரயில் ஏறினால் நியூவார்க் பென் ஸ்டேஷன். கட்டணம் கைக்காசுதான். இருந்தாலும் இந்த வழியில் வேலையை விட வேண்டியதில்லை. ஹெச்1பியில் உள்ளவர்களும், வேலையைத் தொடர்ந்தபடி இப்படிப் படிக்கலாம்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்ட நாள் ஏப்ரல் 15. உதவித்தொகையோடு இடம் கிடைத்தவர்கள் அதுவரை பதில் சொல்ல அவகாசம் உண்டு. யாராவது வேண்டாம் என்றால் வெயிட்டிங் லிஸ்ட் நகரும். அதுவரை எனக்கு சிக்னலில் போன் பார்க்கும் வியாதி தீராது.

உங்களிடம் கேட்பது மூன்றுதான். உங்கள் வீட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். இந்தக் கோடையில் ஊருக்குப் போகும்போது திறந்து பாருங்கள், உள்ளே இருப்பதைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். தாத்தா பாட்டி இருந்தால் போனில் பதிவு செய்யுங்கள். பெயர், ஊர், வருடம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தமிழ் பேச மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு, அந்தக் கடிதத்தையே வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள். என் மகள் கிராணியின் கையெழுத்தில் இப்போது ஒரு வரி படித்துவிடுகிறாள்.

உங்கள் பிள்ளையோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, கேன்டீனில் எதிரே உட்கார்ந்திருக்கும் நாற்பது வயதுக்காரனோ ஹிஸ்டரி படிக்கப் போகிறேன் என்று சொன்னால், வேலையைப் பற்றி அப்புறம் கேட்கலாம். எதைப் பற்றி என்று முதலில் கேளுங்கள்.